வெயிலின் சூட்டால் காற்றும் நீரும் நகருமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

சூரிய மின்தகடு இல்லாமல், வெயிலின் வெப்பத்தை மட்டும் கொண்டு மெதுவாக இயங்கும் காற்றழுத்திகளையும் நீரிறைக்கும் பம்புகளையும் வீட்டுப் பட்டறையில் செய்ய முடியும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில், உண்மையாகவே செய்து பார்க்க முனைகிறவர்களுக்குப் பயன்படும் கேள்விகளைத் தேர்ந்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் 200 லிட்டர் இரும்பு டிரம் ஒன்று கிடக்கிறது. அதற்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, காற்றை உள்ளே விட ஒரு வால்வும் வெளியே விட ஒரு வால்வும் பொருத்தி வெயிலில் வைத்தால் கம்ப்ரஸர் போல வேலை செய்யுமா? சைக்கிள் டயருக்குக் காற்று அடிக்க முடியுமா?
– வாசகர், வேடசந்தூர்

பதில்: வேலை செய்யும்; ஆனால் டயருக்குக் காற்று அடிக்க முடியாது. ஏன் முடியாது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், இத்தகைய கருவிகளை எப்படி வடிவமைக்க வேண்டும் என்பதும் அந்தக் கணக்கிலேயே விளங்கிவிடும்.

மூடிய கலத்தில் உள்ள காற்றின் அழுத்தம் அதன் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் உயர்கிறது. செல்சியஸ் அளவோடு 273-ஐக் கூட்டினால் தனி வெப்பநிலை கெல்வினில் கிடைக்கும். காலையில் 27 டிகிரியில், அதாவது 300 கெல்வினில், மூடப்பட்ட காற்று நண்பகலில் 87 டிகிரிக்கு, அதாவது 360 கெல்வினுக்கு, சூடேறினால் அதன் அழுத்தம் 1.2 மடங்காகும். வெளிக்காற்றைவிட 0.2 பார் கூடுதல் (வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார்). இரண்டு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தாங்கி நிறுத்தக்கூடிய அழுத்தம், அவ்வளவுதான். சைக்கிள் டயருக்கு வெளிக்காற்றைவிட 2 பாராவது கூடுதலாக வேண்டும். அதை ஒரே கலத்தில் பெற வேண்டுமானால் காற்றை 900 கெல்வினுக்கு, அதாவது 627 டிகிரிக்கு, சூடேற்ற வேண்டும். கலத்துக்குப் பின் கலமாக ஆறு கலங்களைத் தொடராக இணைத்து ஒவ்வொன்றிலும் 1.2 மடங்கு உயர்த்தினால், கசிவும் இழப்பும் இல்லாத நிலையில், ஏட்டளவில் அந்த அழுத்தம் கிடைக்கும். நடைமுறையில் கிடைக்காது.

அளவைப் பாருங்கள். எதிரழுத்தமே இல்லாமல் வெளியே விட்டால், டிரம்மில் உள்ள காற்றில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 33 லிட்டர் வெளியேறும். எதிரழுத்தம் 0.2 பார் என்றால் ஒன்றும் வெளியேறாது. இடையில் 0.1 பாரில் சுமார் 17 லிட்டர் கிடைக்கும். அழுத்தமும் அளவும் ஒன்றையொன்று தின்கின்றன. ஆகவே கிடைக்கக்கூடிய உச்ச அழுத்தத்தின் பாதியில் வேலை வாங்குவதே இந்தக் கருவிக்குப் பொருத்தம். அந்த 17 லிட்டரும் பகலும் இரவும் சேர்ந்த ஒரு நாளுக்கு ஒரு முறைதான் என்றால் யாருக்கும் பயனில்லை.

நாளுக்கு ஒரு சுற்று என்பதை நிமிடத்துக்குச் சில சுற்றுகள் ஆக்குவதற்கு ஒரு வழி உண்டு. கலத்தின் ஒரு முகத்தை எப்போதும் சூடாகவும் எதிர்முகத்தை எப்போதும் குளிர்ச்சியாகவும் வைத்துக்கொண்டு, உள்ளே வெப்பம் கடத்தாத லேசான தட்டு ஒன்றை மேலும் கீழும் நகர்த்தினால், காற்று சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் மாறி மாறிப் போகும். அழுத்தமும் ஏறி இறங்கும். தட்டின் இரு பக்கமும் ஒரே அழுத்தம் இருப்பதால் அதை நகர்த்த மிகச் சிறிய விசை போதும். சிறு காற்றாடியோ கை நெம்புகோலோ அதைச் செய்யும். தட்டின் ஓரத்தில் மெல்லிய இரும்புக் கம்பிச் சுருளை அடைத்துவிட்டால், போகும் காற்றின் சூட்டைத் தேக்கி, திரும்பும் காற்றுக்குக் கொடுக்கும். இத்தகைய வெப்பக் காற்றழுத்திக்கு அமெரிக்கப் பொறியாளர் வனிவர் புஷ் 1930-களிலேயே காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்.

ஆனால் இதற்கு டிரம் ஏற்ற வடிவம் அன்று. அதன் மூடியின் பரப்பு கால் சதுர மீட்டர்தான். நல்ல வெயிலில் அதன்மேல் விழுவது சுமார் 200 வாட். உள்ளே இருக்கும் காற்று ஏராளம், அதைச் சூடேற்றும் முகம் சிறிது என்றால் சுற்று மெதுவாகித் தவிக்கும். பரப்பு அகன்று ஆழம் குறைந்த தட்டைப் பெட்டியே சரியான வடிவம். ஜாக்ரெப் நகரப் பேராசிரியர் ஈவோ கோலின் 1983-ல் காட்டிய ஸ்டிர்லிங் எந்திரம் (அடைபட்ட காற்றை மாறி மாறிச் சூடேற்றிக் குளிர்வித்து ஓடும் எந்திரம்) அத்தகைய தட்டைப் பெட்டிதான். வெந்நீருக்கும் தண்ணீருக்கும் இடையிலான சிறு வெப்ப வேறுபாட்டிலேயே அது ஓடியது. தட்டைப் பெட்டியில் ஓர் ஆபத்தும் உண்டு: ஒரு சதுர மீட்டர் தகட்டின்மேல் 0.1 பார் என்பது ஒரு டன் எடைக்குச் சமமான விசை. நடுவில் தாங்குகம்பிகள் இல்லாவிட்டால் தகடு உப்பிப் பற்றவைப்பு (வெல்டிங்) விட்டுப்போகும்.

கேள்வி: டிரம்முக்குள் கொஞ்சம் தண்ணீரையும் விட்டு வைத்தால் அழுத்தம் கூடும் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா? அப்படியானால் பிஸ்டனே இல்லாமல் தண்ணீர் இறைக்க முடியுமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உண்மை, முடியும். வீட்டுப் பட்டறையில் செய்வதற்கு நாங்கள் எல்லாவற்றையும்விட முதலில் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான்.

உலர்ந்த காற்றை 27 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடேற்றினால் அழுத்தம் 18 கிலோபாஸ்கல் (100 கிலோபாஸ்கல் ஒரு பார்) உயரும், தண்ணீரை 1.8 மீட்டர் தூக்கலாம். அதே கலத்தில் தண்ணீர் இருந்தால், 80 டிகிரியில் நீராவி தன் பங்குக்கு 47 கிலோபாஸ்கல் அழுத்தம் தருகிறது. காலையில் இருந்த ஈரத்தின் பங்கைக் கழித்துக் காற்றின் பங்கையும் சேர்த்தால் மொத்தம் 162 கிலோபாஸ்கல். வெளிக்காற்றைக் கழித்தால் 61 கிலோபாஸ்கல். அதாவது, ஆறு மீட்டருக்குச் சற்று மேலான உயரம். ஒரே வெப்பநிலையில் மூன்று மடங்குக்கும் மேலான அழுத்தம்! அதோடு, உலர்ந்த காற்று விரிய விரிய அதன் அழுத்தம் இறங்கிவிடும். ஆவியோ, அடியில் தண்ணீரும் வெப்பமும் இருக்கும்வரை புதிதாக எழுந்து அதே அழுத்தத்தில் தள்ளிக்கொண்டே இருக்கும்.

இயங்கும் முறை எளிது. ஒரு கலத்தின் கீழ்ப்பகுதியில் இறைக்க வேண்டிய நீரும் மேற்பகுதியில் காற்றும் இருக்கட்டும். மேற்பகுதி சூடேறி ஈரக்காற்றின் அழுத்தம் உயரும்போது நீர் வெளி வால்வு வழியே மேல்தொட்டிக்கு ஏறும். பிறகு அந்தக் காற்றைக் குளிர்வித்தால் ஆவி நீராகிக் காற்றும் சுருங்கும். கலத்துக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்து, கிணற்றுநீர் உள் வால்வு வழியே ஏறிவரும். காற்று கலத்திலேயே தங்கிவிடுகிறது; ஆவி மட்டும் பிறப்பதும் மறைவதுமாக இருக்கிறது. ஆவியின் தள்ளலையும் அது சுருங்கும்போது உண்டாகும் வெற்றிடத்தையும் கொண்டு பிஸ்டன் இல்லாமல் நீர் இறைக்கும் எந்திரத்துக்கு இங்கிலாந்தில் தாமஸ் சேவரி 1698-ல் காப்புரிமை பெற்றார். 1872-ல் வந்த பல்சோமீட்டர் பம்பு இரண்டு கலங்களை அடுத்தடுத்து வைத்து, ஒரே ஒரு பந்து வால்வு இப்படியும் அப்படியும் சாய்வதால் ஆவியை மாற்றி மாற்றி அனுப்பியது. அசையும் உறுப்புகள் மிகக் குறைவு என்பதால் சேற்றுநீரையும் அது இறைத்தது.

இப்போது வெப்பக் கணக்கு. செய்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். 100 லிட்டர் இடத்தை 80 டிகிரி ஆவியால் நிரப்பத் தேவைப்படும் நீர் வெறும் 29 கிராம். அதை ஆவியாக்கச் சுமார் 68 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அந்த ஆவி 100 லிட்டர் தண்ணீரை 3 மீட்டர் உயர்த்தினால் நமக்குக் கிடைக்கும் வேலை 3 கிலோஜூல்தான். ஆக, எதுவும் வீணாகாவிட்டாலும் நூற்றுக்கு நான்கு பங்கே பயன். ஆனால் வீணாகிறது: கலம் பத்துக் கிலோ இரும்பால் ஆனது என்றால், ஒவ்வொரு சுற்றிலும் அதன் சுவரை 50 டிகிரி சூடேற்றவே 245 கிலோஜூல் செலவாகும். ஆவிக்குக் கொடுத்ததைப்போல மூன்றரை மடங்கை இரும்பு விழுங்கிவிடுகிறது! இட்லிப் பானையின் மூடியில் பட்ட ஆவி நீர்த்துளியாகி நிற்பதுபோல, குளிர்ந்த சுவரைத் தொட்ட ஆவியெல்லாம் தள்ளும் வேலையைச் செய்யாமலே நீராகி வழிந்துவிடும். ஜேம்ஸ் வாட் 1765-ல் கண்டுகொண்ட குறை இதுதான். ஆவியைக் குளிர்விக்கத் தனிக் கலம் வைத்து அவர் அதைத் தீர்த்தார்.

நீங்களும் அதையே செய்யுங்கள். சூடாகும் கலம் எப்போதும் சூடாகவே இருக்கட்டும். குளிரும் கலம் எப்போதும் குளிர்ந்தே இருக்கட்டும். இரண்டுக்கும் இடையே ஈரக்காற்று மட்டும் போய்வரட்டும். நீரைத் தள்ளும் கலத்தில், நீர்மட்டத்தின்மேல் கலத்தின் விட்டத்தை ஏறக்குறைய நிறைக்கும் ஒரு மிதவைத் தட்டு இருந்தால் ஆவி நேராகத் தண்ணீரைத் தொடாது. தெர்மாகோல் 80 டிகிரியை நெருங்கும்போது சுருங்கிவிடும். பாலிப்ரொப்பிலீன் டப்பாவை மூடி ஒட்டி மிதக்கவிடலாம். குழாய் இணைப்புகளுக்குச் சாதாரண பி.வி.சி. வேண்டாம், 60 டிகிரிக்கு மேல் அது தளர்ந்துவிடும். சூடான பக்கத்துக்குச் செம்போ இரும்போ வேண்டும். வெந்நீர் ஓடும் இடத்துக்கு மட்டும், வீடுகளில் பயன்படுத்தும் சி.பி.வி.சி. போதும்.

கேள்வி: மின்தகடும் மோட்டாரும் கடையில் கிடைக்கும்போது வெப்பத்தால் ஓடும் பம்பு எதற்கு? முன்பு யாராவது இதைச் செய்திருக்கிறார்களா?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: முதலில் ஒப்பீட்டை நேர்மையாகச் செய்துவிடுவோம். ஒரு சதுர மீட்டரில் நல்ல வெயில் நேரத்தில் 800 வாட் விழுகிறது என்று கொள்வோம். மின்தகடு அதில் ஐந்தில் ஒரு பங்கை, 160 வாட்டை, மின்சாரமாக்கும். மோட்டாரும் பம்பும் பாதியை இழந்தாலும் 80 வாட் நீரைத் தூக்கும். அதே பரப்புள்ள வெப்பத் தகடு 400 வாட்டைப் பிடித்தால், நாம் மேலே பார்த்த வகைக் கருவி அதில் நூற்றுக்கு ஒன்றை வேலையாக்கினாலே நன்று: 4 வாட். 27 டிகிரிக்கும் 87 டிகிரிக்கும் இடையே எத்தனை திறமையாகச் செய்தாலும் வெப்பத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேலையாக மாற்ற இயற்கை விதியே இடம் தராது. வீட்டில் செய்த கருவி அந்த எல்லைக்கு வெகு தொலைவில்தான் நிற்கும். இருபது மடங்கு வேறுபாடு இருக்கையில், வெப்பப் பம்பு மின்பம்பை வென்றுவிடும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

ஆனாலும் அந்த 4 வாட் அற்பமானதன்று. ஆறு மணி நேரம் தொடர்ந்தால், 1,700 லிட்டருக்கும் மேலான தண்ணீரை 5 மீட்டர் உயர்த்தும். ஒரு வீட்டுத் தோட்டத்துக்கு அது போதும். தகரம், கண்ணாடி, செம்புக் குழாய், ரப்பர் ஆகியவற்றால் ஆன கருவியை உள்ளூர்ப் பற்றவைப்பவரே செய்து, பழுது வந்தால் அவரே சரிசெய்துவிடலாம். எரிந்துபோக அதில் மின்னணுப் பலகை இல்லை. நாங்கள் இதை விரும்புவதற்குக் காரணம் இதுவே.

முன்னோடிகளைப் பொறுத்தவரை, பிரெஞ்சுப் பொறியாளர் சாலமன் த கோ 1615-ல் வெளியிட்ட நூலில், வெயிலால் சூடேறிய செம்புக் கலங்களின் காற்று தண்ணீரைத் தள்ளி எழுப்பும் நீரூற்று ஒன்றை விவரித்தார். நம் நாட்டோடு தொடர்புடையவர் வில்லியம் ஆடம்ஸ். பம்பாயில் பணியாற்றிய ஆங்கிலேயரான அவர், தட்டையான சிறு கண்ணாடிகளை அரைவட்டமாக அடுக்கி, அவற்றின் ஒளியை ஒரு கொதிகலன்மேல் விழச் செய்து, இரண்டரைக் குதிரைத்திறன் நீராவிப் பம்பை ஓட்டிக் காட்டினார். வெப்ப நாடுகளில் எரிபொருளுக்கு மாற்றாகச் சூரிய வெப்பம் அமையும் என்று வாதிடும் அவருடைய நூல் 1878-ல் வந்தது. விலையுயர்ந்த வளைந்த ஆடிக்குப் பதிலாக எங்கும் கிடைக்கும் தட்டைக் கண்ணாடியைப் பயன்படுத்திய அவருடைய துணிபு இன்றும் பட்டறைக்காரர்களுக்கு வழிகாட்டுவது. அதே 1878-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அகஸ்டின் மூஷோ தம் சூரிய எந்திரத்தைக் காட்டினார். 1913-ல் எகிப்தின் மாதி என்னும் ஊரில் ஃபிராங்க் ஷூமன் நீண்ட தொட்டி வடிவ ஆடிகளை வரிசையாக நிறுத்தி, குறைந்த அழுத்த நீராவியில் ஓடும் எந்திரத்தால் நிமிடத்துக்கு 20,000 லிட்டருக்கு மேல் நீரிறைக்கும் நிலையத்தை அமைத்தார். அடுத்த ஆண்டே மூண்ட உலகப் போரும், பின்னர் வந்த மலிவான பெட்ரோலிய எண்ணெயும் அந்தப் பாதையை அடைத்துவிட்டன. 1970-களில் பிரான்சின் சோஃப்ரெட்டெஸ் நிறுவனம், எளிதில் ஆவியாகும் திரவத்தைத் தட்டை வெப்பத் தகடுகளால் கொதிக்கவைத்து ஓடும் பம்புகளை ஆப்பிரிக்காவிலும் மெக்சிகோவிலும் நிறுவியது. அவற்றின் பயன்திறனும் நூற்றுக்கு ஒன்றை ஒட்டியதே. மின்தகடுகள் மலிவானதும் அவை வழக்கொழிந்தன.

வெப்பத்தை வெப்பமாகவே பயன்படுத்துவது எப்போதும் மேல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆரோவில்லில், சோலார் கிச்சன் கூரைமேல் உள்ள 15 மீட்டர் விட்டமுள்ள நிலையான கிண்ண ஆடி, நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமைக்க நீராவி தருவதற்கென்றே கட்டப்பட்டது. சமையலுக்கும் வெந்நீருக்கும் உலர்த்தலுக்கும் போக மிஞ்சும் வெப்பத்தைப் பம்புக்குத் தருவதே முறை.

கேள்வி: மெதுவாக ஓட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள். வேகமாக ஓட்டினால் கூடுதல் காற்று கிடைக்காதா?
– லேத் பட்டறை உரிமையாளர், ஈரோடு

பதில்: உங்கள் பட்டறையில் உள்ள பிஸ்டன் கம்ப்ரஸர் வெளிக்காற்றை எட்டு மடங்கு அழுத்தத்துக்கு ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் அழுத்துகிறது. சூடு வெளியேற நேரமில்லாததால் காற்று 270 டிகிரி வரை ஏறக்கூடும். ஒரு கன மீட்டர் காற்றுக்கு 288 கிலோஜூல் வேலை செலவாகும். அதே காற்றைச் சூடேறாதபடி மெல்ல அழுத்தினால் 210 கிலோஜூல் போதும். வேகத்துக்காக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாகக் கொடுக்கிறோம். மோட்டாருக்கு மின்சாரம் தாராளமாகக் கிடைப்பதால் அது நமக்கு உறைப்பதில்லை.

நம் கருவியின் அழுத்தம் 0.2 பார் அளவில்தான் இருப்பதால் இந்த இழப்பு சிறிதே. இங்கே மெதுவுக்குக் காரணம் வேறு: வெப்பம் தகட்டிலிருந்து காற்றுக்கும், காற்றிலிருந்து குளிர்ந்த சுவருக்கும் போய்ச் சேர நேரம் வேண்டும். தட்டை விரைவாக ஆட்டினால் காற்று பாதி சூடேறும் முன்பே திரும்பிவிடும். அழுத்த ஏற்ற இறக்கம் தேய்ந்துபோகும். ஆகவே வேகத்தைக் கூட்ட விரும்புகிறவர் முதலில் வெப்பம் கடக்கும் பரப்பைக் கூட்ட வேண்டும்.

வேகத்தை நாமே தேர்ந்தெடுக்காமல் தண்ணீரே தேர்ந்துகொள்ளும் கருவியும் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வகத்தில் காலின் வெஸ்ட் 1969-ல் உருவாக்கிய ஃப்ளூயிடைன் எந்திரத்தில் பிஸ்டன்கள் எல்லாம் நீர்த்தூண்களே. யு வடிவக் குழாயில் உள்ள நீர் ஊசல்போல ஆடும்; ஒரு பக்கக் காற்று சூடாகவும் மறுபக்கக் காற்று குளிர்ந்தும் இருக்க, அந்த ஆட்டம் தானே தொடர்ந்து, பக்கக் குழாயில் உள்ள இரு வால்வுகள் வழியே நீரை இறைக்கும். ஆட்டக் காலத்தை எளிதில் கணக்கிடலாம்: குழாயில் நிறைந்துள்ள நீரின் மொத்த நீளம் 2 மீட்டர் என்றால் ஓர் ஆட்டத்துக்கு 2 நொடி, நீளத்தை நான்கு மடங்கு ஆக்கினால் காலம் இரண்டு மடங்காகும். இரும்பைக் கடைந்து துல்லியமாகப் பொருத்த வேண்டிய தேவையே இல்லாமல், குழாய்களை வெட்டி இணைத்தே செய்யக்கூடிய வெப்ப எந்திரம் இது. உங்களிடம் லேத் இருப்பதால் இதை ஒரு வாரத்தில் செய்துவிடலாம். சரியாக ஆடவைக்கக் குழாய் நீளங்களைப் பொறுமையாக மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி: எங்கள் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் 300 அடியில் இருக்கிறது. இந்தப் பம்பால் எடுக்க முடியுமா?
– வாசகர், அவிநாசி

பதில்: முடியாது. உறிஞ்சும் முறையில் எந்தப் பம்பும் 10.3 மீட்டருக்கு மேல் நீரை ஏற்ற முடியாது. நடைமுறையில் ஆறு ஏழு மீட்டரோடு நின்றுவிடும். 300 அடியிலிருந்து தள்ளி ஏற்ற 9 பார் வேண்டும். அதற்கு நீர்மூழ்கி மோட்டார்தான் வழி. குளம், வாய்க்கால், மழைநீர்த் தொட்டி, மேல்மட்ட நீருள்ள திறந்த கிணறு ஆகியவையே வெப்பப் பம்புக்கு உரிய இடங்கள்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் சிறு மீன்தொட்டிக் குளம் ஒன்று வெட்டியுள்ளேன். ஆழம் ஒரு மீட்டர். அதில் காற்றுக் குமிழி விட வெயில் வெப்பம் உதவுமா?
– வாசகி, ஒரத்தநாடு

பதில்: குறைந்த அழுத்தம், நிறையக் காற்று என்பதுதான் குளத்தின் தேவை, நம் கருவி தருவதும் அதையே. ஒரு மீட்டர் ஆழத்தில் காற்றை விட 0.1 பாருக்குச் சற்று மேல் போதும். ஒரு கன மீட்டர் காற்றுக்குச் சுமார் 10 கிலோஜூல். ஒரு சதுர மீட்டர் வெப்பத் தகட்டின் 4 வாட்டில் நிமிடத்துக்கு 25 லிட்டர் காற்று என்று கணக்கு வரும். வால்வுகளும் குழாயும் பாதியை எடுத்துக்கொண்டாலும் சிறு குளத்துக்கு நல்ல அளவே.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. பகலில் பாசியும் நீர்த்தாவரங்களும் ஆக்சிஜனை வெளியிடுகின்றன. இரவில் அவையும் மீன்களோடு சேர்ந்து அதைச் சுவாசிக்கின்றன. ஆகவே மீன்கள் மூச்சுக்குத் தவிப்பது விடியலுக்கு முன்பு. அப்போது வெயில் இல்லை. காற்றை 0.1 பாரில் சேமித்து வைக்கப் பெரிய பெரிய கலங்கள் தேவைப்படும். அது வீண் செலவு.

அதைவிட, பகலில் வெப்பப் பம்பால் குளத்து நீரையே மேல்தொட்டிக்கு ஏற்றிவையுங்கள். விடியலுக்கு முந்திய மூன்று மணி நேரத்தில் அதைக் கீழே விழவிடுங்கள். விழும் குழாயின் மேல்முனையில் சிறு துளைகள் இருந்தால், இறங்கும் நீர் காற்றை இழுத்துக் குமிழிகளாகக் குளத்தின் அடிவரை கொண்டுசேர்க்கும். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் கோபால்ட் என்னும் ஊரின் வெள்ளிச் சுரங்கங்களுக்கு 1910 முதல் எழுபது ஆண்டுகள் காற்றழுத்தம் தந்த ராகெட் சூட்ஸ் நிலையம் இதே முறையில் இயங்கியதுதான். ஆற்றுநீர் நூறு மீட்டருக்கு மேல் ஆழமான குழிக்குள் காற்றோடு விழுந்தது, காற்றை அழுத்துவதற்கென்று பிஸ்டனோ சுழலியோ இல்லை. உங்களிடம் 3 மீட்டர் உயரத்தில் 2,000 லிட்டர் இருந்தால், பாதி இழப்பு போகச் சுமார் 3 கன மீட்டர் காற்று, அதாவது மூன்று மணி நேரத்துக்கு நிமிடத்துக்கு 16 லிட்டர் கிடைக்கும். பின்கட்டுக் குளத்துக்கு இது உதவும்; இறால் பண்ணை அளவுக்கு நினைக்க வேண்டாம்.

கேள்வி: பி.வி.சி. குழாய், பழைய கேஸ் சிலிண்டர், ஃப்ரிட்ஜ் கேஸ் ஆகியவற்றைக் கொண்டு செய்தால் செலவு குறையுமே?
– வாசகர், ராஜபாளையம்

பதில்: மூன்றும் வேண்டாம். அழுத்தமான காற்றைப் பி.வி.சி. குழாயில் அடைத்தால், அது விரிசல் விடும்போது கூர்மையான சில்லுகளாகச் சிதறும். தண்ணீருக்கு அது தாங்கும் அழுத்தத்தைப் பார்த்துக் காற்றுக்கும் தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. எரிவாயு உருளை நிறுவனத்துக்குச் சொந்தமானது. அதை வெட்டுவதும் பற்றவைப்பதும் உயிராபத்து. பெட்ரோலோ ரசாயனமோ இருந்த டிரம்மும் அப்படித்தான். கழுவிய பின்னும் உள்ளே தங்கிய ஆவி பற்றவைக்கும்போது வெடிக்கலாம்.

ஃப்ரிட்ஜில் பயன்படும் ஆர்-134ஏ போன்ற வாயு குறைந்த சூட்டிலேயே நல்ல அழுத்தம் தரும் என்பது சரி. ஆனால் 80 டிகிரியில் அதன் அழுத்தம் 26 பார். வீட்டில் பற்றவைத்த கலம் எதுவும் அதற்கு ஏற்றதன்று. பென்டேன், ஈதர் போன்றவை 36 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும், ஆனால் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். தண்ணீரும் காற்றும் போதும், கசிந்தாலும் தீப்பற்றாது.

குறைந்த அழுத்தம்தானே என்ற எண்ணத்திலும் ஆபத்து இருக்கிறது. 200 லிட்டர் டிரம்மின் மூடி 57 சென்டிமீட்டர் விட்டம் உடையது, வெறும் 0.5 பாரில் அதன்மேல் 1,300 கிலோ எடைக்குச் சமமான விசை அமையும். ஆவி குளிர்ந்து முழு வெற்றிடமானால் அதைப்போல இரு மடங்கு விசை வெளியிலிருந்து அமுக்கும், டிரம் நசுங்கிவிடும். ஆகவே குவிந்த மூடியுள்ள, அழுத்தத்துக்கென்றே செய்த கலத்தையே பயன்படுத்துங்கள். அதை முதலில் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, இயங்கும் அழுத்தத்தின் ஒன்றரை மடங்குக்குச் சோதியுங்கள். காற்றால் ஒருபோதும் சோதிக்காதீர்கள்: நீர் நிறைந்த கலம் விட்டுப்போனால் ஒழுகும், காற்று நிறைந்த கலம் வெடிக்கும். பாதுகாப்பு வால்வுக்கும் கலத்துக்கும் நடுவே வேறெந்தத் திருகு வால்வும் இருக்கக் கூடாது. சூரிய வெந்நீர்க் கருவிகளில் உள்ள வெற்றிடக் கண்ணாடிக் குழாய்கள் தண்ணீரில்லாமல் வெயிலில் நின்றால் 200 டிகிரியைத் தாண்டும். அப்போது குளிர்ந்த நீரை ஊற்றினால் கண்ணாடி உடைந்துவிடும். அந்தக் குழாய்களால் நீரைக் கொதிக்கவைத்து ஆவியை அடைப்பது கொதிகலன் வேலை; அதைப் பயிற்சி பெற்றவரிடமே விட்டுவிட வேண்டும்.

கேள்வி: எந்த வகை வால்வு வாங்குவது? கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், தென்காசி

பதில்: வாங்க வேண்டாம், செய்துகொள்ளுங்கள். சுருள்வில் உள்ள பித்தளை நான்-ரிட்டர்ன் வால்வு, திறப்பதற்கே நம்மிடம் உள்ள சிறு அழுத்தத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். அகலமான துளையுள்ள தட்டையான தகட்டின்மேல், ஒரு விளிம்பில் மட்டும் திருகிய மெல்லிய ரப்பர் மடிப்பு போதும். குளிர்ந்த பக்கத்துக்குச் சைக்கிள் டியூப் ரப்பர். சூடு படும் இடத்துக்குச் சிலிக்கோன் ரப்பர். இரண்டு வால்வுகளையும் முடிந்தவரை குளிர்ந்த குழாயிலேயே வையுங்கள்.

அழுத்தம் அளக்க விலையுள்ள மானி தேவையில்லை. ஒளி புகும் குழாயை யு வடிவில் மரப்பலகையில் பொருத்தி, பாதி தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் கலத்தோடு இணைத்தால் இரு பக்க நீர்மட்டங்களின் வேறுபாடே அழுத்தம்: ஒரு மீட்டர் என்றால் 0.1 பார். கசிவுச் சோதனையை வெயில் ஏறும் முன், நிழலில் செய்யுங்கள். கலத்தின் வெப்பநிலையையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள். கலம் ஒரு டிகிரி குளிர்ந்தாலே நீர்மட்ட வேறுபாடு ஏறத்தாழ மூன்றரை சென்டிமீட்டர் இறங்கும்; அதைக் கசிவு என்று எண்ணி நல்ல பற்றவைப்பைப் பிரித்துவிடக் கூடாது.